வேலையோடு வேலையாகப் பேசு: அங்கன்வாடித் தங்கச்சிக்கு அக்காவின் டிப்ஸ்

"இத்தனை வேலைக்கு நடுவுல பிள்ளைங்ககிட்ட பேச எங்கேக்கா நேரம்?" என்று கேட்டாய். பதிவேடு, எடை பார்ப்பது, சத்துமாவு கொடுப்பது என்று உனக்கு ஓயாத வேலைதான். பேசுவதற்கென்று தனி நேரம் தேடாதேம்மா. செய்கிற வேலையையே பேச்சாக்கு.

1. வாசலில் அழும் பிள்ளையிடம்: "அழாதே" என்று சொன்னால் அழுகை நிற்காது. உட்கார்ந்து, முகத்துக்கு நேராக, "அம்மா போயிட்டாங்கன்னு அழுகையா வருதா?" என்று கேள். "நாலு மணிக்கு வருவாங்க" என்றால் மூன்று வயதுக்குப் புரியாது. "சாப்பிட்டு, தூங்கி எழுந்ததும் வருவாங்க" என்று சொல்.

2. கை கழுவும்போது: "தண்ணி சில்லுனு இருக்கா? சோப்பு நுரை பாரு, விரல் இடுக்குல தேய்ப்போமா?" இப்படி ஒரு நாளைக்கு எத்தனை சொற்கள் காதில் விழும், பார்!

3. கேட்டால் காத்திரு: கேள்வி கேட்டுவிட்டு மனசுக்குள் ஐந்து வரை எண்ணு. சின்னப் பிள்ளைக்குச் சொல்லைத் தேடி எடுக்க நேரம் வேண்டும். பதிலை நீயே சொல்லிவிடாதே.

4. சொன்னதை நீட்டிக் கொடு: குழந்தை "காக்கா" என்றால், "ஆமா, காக்கா சோறு தின்னுது!" என்று சொல். "தக்காயி" என்றால் "தப்பு" என்று திருத்தாதே. "தக்காளியா? சிவப்புத் தக்காளி!" என்றாலே போதும்.

5. செய்ய வேண்டியதைச் சொல்: "ஓடாதே" என்பதைவிட "மெல்ல நடந்து வா" சீக்கிரம் புரியும்.

6. பயமுறுத்தாதே: சேட்டை செய்த பையனிடம் ஒருமுறை "டாக்டர் வந்து ஊசி போடுவார்" என்றேன். பரிசோதனைக்கு மருத்துவக் குழு வந்த அன்று அவன் அரிசி மூட்டைக்குப் பின்னால் ஒளிந்து நடுங்கினான். அதற்கப்புறம் அந்த வார்த்தையை நான் சொல்லவே இல்லை.

7. வேறு மொழிப் பிள்ளை வந்தால்: வேலைக்காக வடக்கிலிருந்து வந்தவர்களின் பிள்ளைகள் இப்போது நம்மிடம் வருகிறார்கள். தண்ணீர், பசி, வலி, அம்மா என்று நாலு சொற்களை அந்தத் தாயிடமே கேட்டுக்கொள். "பானி" என்று கேட்கும் குழந்தைக்குத் தம்ளரை நீட்டி, "தண்ணி" என்று சேர்த்துச் சொல். வீட்டு மொழியை விடச் சொல்லாதே.

8. பேச்சு வராவிட்டால்: ஒன்றரை வயதில் ஒரு சொல்கூட இல்லை, இரண்டு வயதில் "அம்மா வா" போல இரண்டு சொல் சேரவில்லை, கூப்பிட்டால் திரும்பவில்லை என்றால் "வளர்ந்தா தானா பேசும்" என்று விடாதே. முதலில் காதைப் பரிசோதிக்கச் சொல். ஆர்.பி.எஸ்.கே. என்ற குழந்தைகள் நலத் திட்டத்தில் மருத்துவக் குழு அங்கன்வாடிப் பிள்ளைகளை வருடத்துக்கு 2 முறை பார்க்க வரும். ஆனால் அதுவரை காத்திருக்காமல் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்பு.

9. வீட்டுக்குப் போகும்போது: பிள்ளையை வைத்துக்கொண்டு தாயிடம் குறை சொல்லாதே. "இன்னைக்கு இவனே தட்டைக் கழுவி வச்சான்" என்று சொல்லிப் பார். அந்தக் கதையை அவன் வழியெல்லாம் அம்மாவிடம் தானே சொல்லிக்கொண்டு போவான்.