இல்லத்தினுள் காற்று மாசு

காற்று மாசு என்றதும் ஆலைப் புகையும் வாகனப் புகையுமே நினைவிற்கு வருகின்றன. 1981ஆம் ஆண்டுக் காற்று மாசுத் தடுப்புச் சட்டமும் பெரும்பாலும் வெளிக்காற்றையே கருத்திற் கொண்டது. ஆயின் குழந்தைகளும் முதியோரும் நாளின் பெரும்பகுதியைக் கழிப்பது வீட்டினுள்ளேயாகும். அடுப்புப் புகையைக் குறைக்க 2016இல் உஜ்வலா திட்டம் தொடங்கப்பெற்றது. கடையில் வாங்கும் இரசாயனப் பொருள்களைப் பற்றி அத்தகைய விழிப்புணர்ச்சி இன்னும் ஏற்படவில்லை.

மாசு தோன்றும் வகை

கொசுவர்த்திச் சுருளில் பூச்சிக்கொல்லியின் பங்கு மிகச் சிறிது. மரத்தூள், சிரட்டைத்தூள் போன்றவையே மிகுதி. இவை கனலும்போது நுண்துகள்களும் ஃபார்மால்டிஹைடு என்னும் நச்சு வாயுவும் வெளிப்படுகின்றன. சீன, மலேசியச் சுருள்களைப் பற்றி 2003இல் வெளியான ஆய்வின்படி, ஒரு சுருள் எரிவதால் வெளிப்படும் நுண்துகள்கள் 75 முதல் 137 சிகரெட்டுகள் வெளியிடும் அளவிற்குச் சமமாகும். ஃபார்மால்டிஹைடு புற்றுநோய் விளைவிப்பது என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 2004இல் முடிவு செய்தது. ஒட்டுப்பலகையில் சேரும் பசையிலிருந்தும் இவ்வாயு பல மாதங்கள் கசிவதுண்டு.

துணிகளுக்கிடையே இடப்படும் நாப்தலீன் பாச்சை உருண்டை திடநிலையிலிருந்து நேரே ஆவியாகிறது. ஜி6பிடி என்னும் நொதி குறைவாக உள்ள பச்சிளங்குழந்தைகளுக்கு அந்த ஆவி இரத்தச் சிவப்பணுச் சிதைவையும் கடும் மஞ்சட்காமாலையையும் உண்டாக்கக்கூடும். பிளீச்சிங் பவுடரைக் கழிப்பறை கழுவும் அமிலத்துடன் சேர்த்தால் குளோரின் வாயு எழுந்து நுரையீரலைத் தாக்கும்.

சுமை யார் மீது?

2011ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி, நாட்டில் சுமார் 37 சதவீதக் குடும்பங்கள் ஒரே அறையில் வாழ்ந்தன. அறை சிறிதாகச் சிறிதாக அதே சுருளின் புகை மேலும் செறிகிறது. கொசுவுக்கு அஞ்சி சன்னலையும் அடைத்துவிட்டால் புகை வெளியேற வழியில்லை. சுருளின் விலை சில ரூபாய்களே. ஆனால் மருத்துவச் செலவும் இழந்த கூலியும் அவ்விலையில் அடங்குவதில்லை.

மலேரியாவும் டெங்குவும் உள்ளவரை, கொசுவை விரட்டாதீர் என்று ஏழைக் குடும்பத்திடம் கூறுவது பொருந்தாது. கொசுவைத் தடுத்துக் காற்றை அனுமதிக்கும் வழியே தேவை. கொசுவலையும் சன்னல் கம்பிவலையும் அத்தகையவை. வீட்டுவசதித் திட்டங்களில் கம்பிவலையைக் கட்டடத்தின் இன்றியமையாப் பகுதியாகக் கருதுவது பயன் தரும். பாச்சை உருண்டையிட்ட துணிகளை நன்கு காற்றாட விட்டு, குழந்தைக்கு உடுத்துமுன் துவைத்தல், துப்புரவு இரசாயனங்களை ஒன்றோடொன்று கலவாமை, வண்ணம் பூசிய அறையைச் சில நாட்கள் திறந்து வைத்தல் ஆகியவற்றிற்குச் செலவு ஏதுமில்லை. அங்கன்வாடி ஊழியரும் ஆஷா பணியாளரும் இவற்றை எடுத்துரைத்தால் வீடுதோறும் பயன் சென்றடையும்.