புள்ளி விட்டிலும் அதன் நாடும்

எம் கல்லூரி விளையாட்டுத் திடலின் வேலியோரத்தில் கிலுகிலுப்பைச் செடிகள் மண்டியுள்ளன. சென்ற மார்கழியில் ஒரு நண்பகல், அவற்றினிடையே பறந்த சிறு பூச்சியொன்றைப் பிடித்தோம். வெண்ணிறச் சிறகு, அதன்மீது கரும்புள்ளிகள், அவற்றிடையே குங்குமம் தெளித்தாற்போன்ற செம்புள்ளிகள். வண்ணத்துப்பூச்சி என்றே முதலிற் கருதினோம். ஆயின், உணர்கொம்பு நுனி திரளாது நூல்போன்றிருந்தமையின், பகலிற் பறக்கும் விட்டிலென அறிந்தோம்.

நூல்நிலையத்துப் படமொன்றோடு ஒப்பிட்டு, ‘யூட்டெத்தைசா புல்கெல்லா’ எனச் சீட்டெழுதி ஒட்டினோம். லின்னேயஸ் 1758-ஆம் ஆண்டில் இட்ட பெயர் அது; புல்கெல்லா என்பது இலத்தீனில் ‘அழகி’ என்னும் பொருட்டு. தமிழ் பயில்வார்க்கு விட்டிலோடு என்ன வழக்கென நண்பர் நகைத்தனர். பெயரைப் பிழையற வழங்குதல் எமக்கும் உரியதன்றோ?

அப்பெயரே எம்மை இடர்ப்படுத்தியது. இதே தோற்றமுடைய ‘லோட்ரிக்ஸ்’ என்னும் பிறிதோர் இனமும் இந்நாட்டிலுண்டு. புள்ளிகளோ ஓரினத்துள்ளேயே கூடியும் குறைந்தும் வருவன. பழைய உலகத்து யூட்டெத்தைசா இனங்களின் வேறுபாடுகளைக் கார்ல் ஜார்டன் என்பார் 1939-இல் விரிவாக ஆராய்ந்தார். வயிற்று நுனியிலுள்ள இனப்பெருக்க உறுப்பை அறுத்து உருப்பெருக்கிக் கண்ணாடியில் நோக்கினாலன்றி ஐயம் முற்றும் தீராது.

இதன் பயன் சிறிதன்று. புல்கெல்லா ஆப்பிரிக்கா, தென் ஐரோப்பா, மேற்காசியா, இந்தியா ஆகிய நாடுகளில் வாழ்வது. வெப்பக் காற்றோடு சிற்சில யாண்டுகளில் இங்கிலாந்துவரை சென்று, ஆண்டைக் குளிர்காலத்தைத் தாங்காது மடியும். லோட்ரிக்ஸ் இந்தியாவிலிருந்து கிழக்கே ஆஸ்திரேலியாவரை பரவியது. ஆஸ்திரேலியாவிற் புல்கெல்லா கிடைத்ததெனக் கூறிய பழைய குறிப்புக்கள், லோட்ரிக்ஸையோ அதனையொத்த வேறோர் இனத்தையோ பெயர் மாறிக் கொண்டவையே. இரண்டும் வாழும் எம் நாட்டில் ஒரு பிழைச்சீட்டு தேசப்படத்தையே பிழையாக்கும். அமெரிக்காவில் இதன் மறுதலை நிகழ்ந்தது: நிறவேறுபாடு கண்டு லின்னேயஸ் ஓரினத்திற்கே ‘பெல்லா’, ‘ஆர்னட்ரிக்ஸ்’ என இருபெயர் இட்டுவிட்டார்!

அவ்வமெரிக்க இனத்தைப்பற்றி வியத்தகு செய்தியொன்றுண்டு. அதன் புழு கிலுகிலுப்பையின் நஞ்சினை உண்டு உடலிற் சேர்த்துக்கொள்ளும். வளர்ந்த விட்டிலிலும் அந்நஞ்சு நிற்கும். வலையில் வீழ்ந்த விட்டிலைச் சிலந்தி கொல்லாது, இழைகளைத் தானே அறுத்து விடுவிக்கும். எம் விட்டிலின் புழுவும் கிலுகிலுப்பை, தேட்கொடுக்கு முதலிய நச்சுச் செடிகளையே உண்பது. யாம் அழகென்று கண்ட செம்புள்ளி பறவைக்கு எச்சரிக்கை போலும்.

கையிலிருந்ததோ ஒரே விட்டில். அதனை அறுக்கும் பயிற்சி எமக்கில்லை. ஆதலின் முதற்சீட்டை நீக்கி, ‘யூட்டெத்தைசா, இனம் துணியப்படவில்லை’ என எழுதி, பிடித்த நாளையும் செடியின் பெயரையும் கீழே குறித்துள்ளோம்.