அஸ்தியோடு போன பிளாஸ்டிக் பை

போன வருடம் பாட்டியின் அஸ்தியைக் கடலில் கரைத்தோம். சட்டி, பூ, பால் எல்லாம் போனது. பூ வாங்கி வந்த பிளாஸ்டிக் பையும் கூடவே போனது. “கடல் பெருசுடா, ஒன்னும் ஆகாது” என்றார் மாமா. கெமிக்கல் எஞ்சினியரிங் படிக்கிற எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை!

பிறகுதான் படித்துப் பார்த்தேன். பிளாஸ்டிக் வளையவும் வெயிலைத் தாங்கவும் பல ரசாயனங்களைச் சேர்க்கிறார்கள். வீட்டு மேசையில் விரிக்கிற பிவிசி விரிப்பில், எடையில் மூன்றில் ஒரு பங்குகூட தாலேட் போன்ற மிருதுவாக்கியாக இருக்கலாம். பெரும்பாலும் இவை பிளாஸ்டிக்கோடு பிணைந்திருப்பதில்லை. ஊறுகாயில் எண்ணெய் மாதிரி இடையில் தங்கியிருக்கின்றன, அவ்வளவுதான். வெயிலும் அலையும் பிளாஸ்டிக்கை நொறுக்க நொறுக்க, அவை வெளியேறும் பரப்பு கூடுகிறது.

மாமா சொன்னதில் பாதி சரி. தண்ணீரில் இறங்கியது நீர்த்துப் போகும். ஆனால் இவற்றில் பலவற்றுக்குத் தண்ணீரைவிட எண்ணெய்தான் பிடிக்கும். கறி வைத்த டப்பாவில் மஞ்சள் கறை எத்தனை முறை கழுவினாலும் போகாதே, ஏன்? எண்ணெயோடு சேர்ந்து மஞ்சள் பிளாஸ்டிக்குக்குள் போய்விட்டது. மீன் வயிற்றில் இதே கதை தலைகீழாக நடக்கும். விழுங்கிய துண்டிலிருந்து ரசாயனம் அங்குள்ள கொழுப்பில் இறங்கும். பைகளில் சேர்க்கும் ஒருவகைப் பொருளிலிருந்து நோனைல்பீனால் பிரியக்கூடும். அது மீனின் உடலில் பெண் ஹார்மோன் போல வேலை செய்யும். ஆண் மீனிலும் முட்டைக்கருவுக்கான புரதம் உருவாகும்.

அடுத்த வாரம் பாட்டிக்கு முதல் திதி. மறுபடியும் கடலுக்குப் போகிறோம். பூவை வாழை இலையில் கட்டித் தரும்படி பூக்கடை அக்காவிடம் சொல்லிவிட்டேன். மாமாவிடம் இன்னும் பேசவில்லை.