கடை மாடிக்கு பிவிசி ஷீட்: போடும் முன்னும் போட்ட பின்னும்

ஐப்பசி அடைமழை பிடித்தால் கடை காம்ப்ளெக்ஸ்களின் ஃபால்ஸ் சீலிங்கில் பழுப்பு வட்டம் விழும். மழை விட்டதும் ஆளை ஏற்றி மாடியில் ஏதோ ஒரு பெயின்ட் அடிப்பார்கள். அடுத்த ஐப்பசியில் அதே இடத்தில் வட்டம் சற்றுப் பெரிதாக விழும். கல்யாண மண்டபம், கிளினிக், ஜவுளிக்கடை போன்ற பெரிய மொட்டை மாடிகளுக்கு பிவிசி ஷீட் நல்ல தீர்வு. ஆனால் அது பெரும்பாலும் நடுவில் ஒழுகாது. இணைப்பிலும் ஓரத்திலும், பிறகு யாராவது போடும் ஓட்டையிலும்தான் ஒழுகும். காசும் கண்ணும் அங்கே போகட்டும்.

1. வேலையை மாசியிலிருந்து வைகாசிக்குள் முடித்துவிடுங்கள். புரட்டாசியில் காண்ட்ராக்டரைத் தேடினால் ஈரத்தளத்தின் மேலேயே அவசரமாக விரித்துவிட்டுப் போவார்.

2. கனம் 1.2, 1.5, 2 மி.மீ. என்று வரும். ஆள் நடமாட்டமும் ஏசி அவுட்டோர் யூனிட்டும் உள்ள மாடிக்கு 1.5 மி.மீ.க்குக் குறையாமல் கேளுங்கள். மாதிரித் துண்டின் வெட்டு ஓரத்தைப் பார்த்தால் நடுவே பாலியெஸ்டர் நூல்வலை தெரிய வேண்டும். வலை இல்லாத பழைய காலத்து ஷீட்டுகள் நாளாக ஆக இறுகி, குளிர்நாடுகளில் கண்ணாடிபோல் நொறுங்கிய கதை உண்டு. தேர்தல் முடிந்து கிடைக்கும் ஃப்ளெக்ஸ் பேனரும் பிவிசிதானே என்று அதை விரிப்பவர்கள் இருக்கிறார்கள். அது சில மாத வெயிலுக்குச் செய்தது, மாடிக்கு ஆகாது.

3. தளம் காய்ந்துவிட்டதா என்பதற்கு மேஸ்திரியின் உள்ளங்கை போதாது. இரண்டடிக்கு இரண்டடி கண்ணாடி பாலிதீன் தாளைத் தளத்தில் வைத்து, நான்கு ஓரமும் டேப் ஒட்டி, மாலையில் தொடங்கி மறுநாள் காலை வரை விட்டுவிடுங்கள். தாளின் அடியில் முத்து முத்தாக நீர் கோத்திருந்தாலோ, தளம் கறுத்திருந்தாலோ இன்னும் காயவில்லை. மாடியின் மூன்று நான்கு இடங்களில் பாருங்கள். முக்கியமாகத் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில்.

4. வாட்டம் 100-க்கு 1-ஆவது இருக்க வேண்டும். பத்தடிக்கு ஒன்றேகால் அங்குலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பள்ளம் இருந்தால் ஷீட்டுக்கு முன்பே கலவை போட்டுச் சரி செய்யுங்கள். வாட்டத்துக்காக இன்னொரு சுருக்கி போடச் சொன்னால் யோசியுங்கள். மூன்று அங்குலச் செங்கல்ஜல்லி சுண்ணாம்புத் தளம் சதுர மீட்டருக்கு 140 கிலோ கனக்கும். 1.5 மி.மீ. ஷீட்டின் எடை 2 கிலோ அளவுதான். பழைய கட்டடத்துக்கு இந்த வித்தியாசம் பெரிது.

5. தாருக்கும் பிவிசிக்கும் ஆகாது. ஏற்கெனவே தார் ஷீட் ஒட்டிய மாடியில் நேரடியாக விரித்தால், பிவிசியை வளைய வைக்கும் எண்ணெய்ச்சத்து தாருக்குள் இறங்கி, ஷீட் சுருங்கி விறைத்துப்போகும். தெர்மோகோலும் இதே வேலையைச் செய்யும். இடையில் பாலியெஸ்டர் கம்பளித்துணி போன்ற ஜியோடெக்ஸ்டைல் விரிப்பு கட்டாயம். சிமென்ட் தளமே ஆனாலும் அந்த விரிப்பு இருந்தால் அடியிலுள்ள கூர்ஜல்லி குத்தாது.

6. உயிர் இருப்பது இணைப்பில். ஒரு ஷீட்டின் மேல் அடுத்தது நான்கு அங்குலமாவது ஏறி அமர வேண்டும். பசை போட்டு ஒட்டுவதில்லை. சூடான காற்றால் இரண்டு ஷீட்டையும் இளக்கி, ரோலரால் அழுத்தி ஒன்றாக்குகிறார்கள். நீள இணைப்புகளுக்குத் தானாக நகரும் மெஷின், மூலை முடுக்குக்குக் கைத்துப்பாக்கி. இங்கே ஒரு நம்மூர்ச் சிக்கல்: கீழ்த்தளத்திலிருந்து மெல்லிசு ஒயரில் நீளமாக இழுத்து வந்த கரன்ட்டில் வோல்டேஜ் இறங்கிவிடும், மெஷின் ஓடும், சூடு பத்தாது. இணைப்பு பார்வைக்கு ஒட்டினாற்போலவே இருக்கும். அதனால் தினமும் காலையில் வேலை தொடங்கும் முன் இரண்டு துண்டை இணைக்கச் சொல்லி, ஆறியதும் ஓர் அங்குலப் பட்டையாக வெட்டி, கட்டிங் பிளேயரால் பிடித்துப் பிரித்துப் பாருங்கள். ஷீட்டே கிழிந்து நூல்வலை வெளியே தெரிந்தால் சரி. இணைப்பு வழவழவென்று பிரிந்து வந்தால் அன்றைய சூட்டையும் வேகத்தையும் மாற்றியாக வேண்டும். மாலையில், ஆறிய இணைப்பின் விளிம்பில் மொண்ணை முனை ஸ்க்ரூடிரைவரை அழுத்தி ஓட்டிக்கொண்டே போங்கள். முனை உள்ளே நுழையும் இடமெல்லாம் நாளைய ஒழுக்கு. மூன்று ஷீட் சந்திக்கும் இடத்தில் இரண்டு முறை பாருங்கள். சிமென்ட் தூசி படிந்த விளிம்பு எத்தனை சூட்டிலும் பிடிக்காது.

7. கைப்பிடிச் சுவரில் ஷீட் ஆறு அங்குலமாவது ஏற வேண்டும். மேல் விளிம்பை அலுமினியப் பட்டியால் இறுக்கி, அதற்கு மேலே சீலன்ட். சுவரே வெடித்திருந்தால் தண்ணீர் பட்டிக்குப் பின்னால் இறங்கிவிடும். சுவர்ப் பூச்சை முதலில் முடியுங்கள்.

8. காற்று நடுமாடியை விட மூலைகளையும் ஓரங்களையும்தான் பலமாகத் தூக்கும். கட்டட வடிவமைப்புக்கான இந்தியத் தரநிலை சென்னைக்கு வைத்திருக்கும் அடிப்படைக் காற்று வேகம் வினாடிக்கு 50 மீட்டர், கோவைக்கு 39. கடலோர ஊர்க்காரர்கள் ஸ்க்ரூ வைத்துப் பிடிக்கும் முறையைக் கேளுங்கள். ஓரத்தில் ஸ்க்ரூ நெருக்கமாக விழ வேண்டும். நடுவிலும் ஓரத்திலும் ஒரே இடைவெளி என்றால் கணக்குப் போடாமல் போட்டிருக்கிறார்கள்.

9. மழைநீர்க் குழாய் ஒன்றே ஒன்று என்றால் இன்னொன்று போடுங்கள். காக்கை கொண்டுவந்த எலும்பும் ஒரு பாலிதீன் பையும் போதும், மாடி குளமாகிவிடும். சுவரில் ஷீட் ஏறியிருக்கும் உயரத்துக்குள்ளேயே ஒரு வழிந்தோடும் ஓட்டையும் வைத்து, அதன் உள்விளிம்பு வரை ஷீட்டை இழுத்து இணைக்கச் சொல்லுங்கள்.

10. சோலார் ஸ்டாண்டு, ஏசி, விளம்பரப் பலகை, டிஷ், டேங்க் எல்லாவற்றுக்கும் சிமென்ட் மேடையை முதலில் கட்டி, அதைச் சுற்றி ஷீட்டை ஏற்றுங்கள். ஷீட் போட்ட மறுமாதம் டிரில் மெஷினோடு கேபிள்காரர் ஏறினால் அத்தனை செலவும் வீண். மாடிச் சாவி உங்களிடமே இருக்கட்டும். இதைவிட மலிவான வாட்டர்ப்ரூஃபிங் இல்லை.

11. கீழே ஓட்டல் என்றால் புகைப்போக்கி வாயில் எண்ணெய் பிடிக்கும் தட்டு வையுங்கள். ரப்பர் ஷீட்டை விட பிவிசி எண்ணெயைத் தாங்கும் என்பது உண்மைதான், அதற்காகக் குளிப்பாட்ட வேண்டாம்.

12. பில்லைத் தீர்க்கும் முன் குழாய்களை அடைத்து இரண்டு அங்குலம் தண்ணீர் நிறுத்தி, 24 முதல் 48 மணி நேரம் சீலிங்கைக் கவனியுங்கள். 2,000 சதுர அடியில் அந்தத் தண்ணீர் 9 டன்னைத் தாண்டும். பழைய கட்டடமானால் இன்ஜினியரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள்; பகுதி பகுதியாகத் தடுத்தும் பார்க்கலாம்.

13. புது வெள்ளை ஷீட் வெயிலில் ஐந்தில் நான்கு பங்கைத் திருப்பி அனுப்பும். ஏசி பில் இறங்கும். அழுக்கேற ஏற இது குறையும். ஆண்டுக்கொரு முறை சோப்புத் தண்ணீரும் மென்மையான துடைப்பமும் போதும். தின்னர், பெட்ரோல் கூடவே கூடாது. தீபாவளிக்கு மறுநாள் ஒரு நடை ஏறிப் பாருங்கள்: ராக்கெட் விழுந்த இடம் மிளகளவு கருந்துளையாக இருக்கும்.

14. துளை கண்டால் எம்-சீலோ தாரோ வேண்டாம். அதே ஷீட்டில் துண்டு வெட்டி, நான்கு மூலையையும் வட்டமாக்கி (கூர்மூலைதான் முதலில் பெயரும்), பழைய பரப்பைத் துடைத்துச் சூட்டில் இணைக்க வேண்டும். வேலை முடிந்த அன்றே மிச்ச ரோலில் நாலைந்து அடி வாங்கி நிழலில் சுருட்டி வையுங்கள்.

15. வாரன்டியில் பொருளுக்கு ஒன்று, வேலைக்கு ஒன்று என இரண்டும் எழுத்தில் வேண்டும். தேங்கிய தண்ணீருக்கும் பிறர் போட்ட ஓட்டைக்கும் பொறுப்பில்லை என்ற வரி பெரும்பாலும் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும். கையெழுத்துக்கு முன் அதைப் படித்துவிடுங்கள்.