வேத பாடம்: அற்புதங்கள் எதற்காக?



போன மாதம் ஸ்ரீரங்கத்தில் வீட்டு ஜெபக் கூட்டம் முடிந்து நான் செருப்பு மாட்டுகிற நேரத்தில் ஒரு சகோதரி என்னை நிறுத்தினார்கள். "பாஸ்டர், ரெண்டு தடவை எண்ணெய் பூசி ஜெபிச்சீங்க. வலி போகலை. உங்க சாமி உனக்கு மட்டும் ஏன் செய்யலைன்னு பக்கத்து வீட்டம்மா கேக்குறாங்க. எனக்கு விசுவாசம் பத்தலையா?" என்றார்கள். எனக்கு உடனே பதில் வரவில்லை. ஜெபிக்கிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டுக் காவேரிப் பாலம் தாண்டி வீடு வந்தேன். இந்தப் பாடத்தை அவர்களுக்காக எழுதுகிறேன். நீங்களும் வேதத்தைத் திறந்து வைத்துக்கொண்டு வாசியுங்கள்.

அற்புதங்கள் இன்றும் நடக்கின்றன. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கண்ணால் கண்டவர்கள் நம் சபையிலேயே உண்டு. ஆனால் அவை எதற்காக? யோவான் அவைகளை 'அடையாளங்கள்' என்று எழுதுகிறார். கானா ஊர்க் கல்யாணத்தில் இயேசுவின் மகிமை வெளிப்பட்டது, சீஷர்கள் அவரிடத்தில் விசுவாசம் வைத்தார்கள் (யோவான் 2:11). திராட்சரசம் அன்றோடு தீர்ந்துபோயிருக்கும். சத்திரம் பஸ் நிலையத்தில் 'ஸ்ரீரங்கம்' என்ற போர்டைப் பார்த்துவிட்டு அதன் கீழேயே உட்கார்ந்துகொண்டால் ஊர் போய்ச் சேருவோமா? அப்பம் சாப்பிட்டுத் திருப்தியான ஜனங்கள் மறுநாளும் தேடி வந்தார்கள். அப்பத்துக்காகத்தான் வந்தீர்கள் என்று ஆண்டவர் முகத்துக்கு நேரே சொன்னார். அந்த அதிகாரம் முடிவதற்குள் அநேகர் பின்வாங்கிப் போனார்கள் (யோவான் 6:26, 66).

இங்கே என் தப்பிதத்தையும் சொல்லியாக வேண்டும். ஊழியத்துக்கு வந்த புதிது, டிப்ளமோ வாங்கின சூடு. காசநோய்க்கு மருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒரு வாலிபனுக்காக ஜெபித்தேன். இரண்டு மாதத்தில் இருமல் நின்றது, உடம்பில் சதை பிடித்தது. மேடையில் ஏற்றிச் சாட்சி சொல்ல வைத்தேன். "மாத்திரையை நிறுத்திட்டேன்" என்று அவன் சொன்னபோது 'அல்லேலூயா' சொன்னவன் நான்தான். காசநோய் மாத்திரையை ஆறு மாதம் விடாமல் சாப்பிட வேண்டும். முதல் இரண்டு மாதத்திலேயே சுகமானது போலத் தெரியும். கிருமி உள்ளே இருக்கும். நடுவில் நிறுத்தினால் அது மருந்துக்கே அடங்காமல் போகக்கூடும். அவன் ரத்தமாய் இருமிக்கொண்டு அரசு ஆஸ்பத்திரியில் படுத்தான். நீண்ட சிகிச்சைக்குப் பிறகு பிழைத்தான், தேவனுக்கு ஸ்தோத்திரம். ஆனால் இன்று வரை அவன் எந்தச் சபைக்கும் போவதில்லை. அதற்கு நான் கணக்கு ஒப்புவிக்க வேண்டும்.

பத்துக் குஷ்டரோகிகளை ஆண்டவர் ஆசாரியனிடத்துக்கு அனுப்பினதைக் கவனியுங்கள் (லூக்கா 17:14). சுகமானதைப் பார்த்து உறுதி சொல்வது ஆசாரியனுடைய வேலை. லேவியராகமம் 14-ல் இருக்கிறது. ஆண்டவரே பரிசோதனைக்கு அனுப்பியிருக்க, நாம் ரிப்போர்ட் பார்க்காமல் மைக்கைக் கொடுக்கிறோம்.

சரி, ஜெபித்தும் சுகம் வராதவர்கள்? நம் ஊர் ஹீபர் காலேஜுக்குப் பெயர் தந்த பிஷப் ஹீபர், 1826 ஏப்ரல் 3 காலையில் திருச்சி கோட்டையில் தமிழ் விசுவாசிகளுக்குத் திடப்படுத்தல் நடத்தினார். திரும்பி வந்து குளிக்கப்போன இடத்தில் மரித்தார். வயது 42 தான். எனக்கு அதைவிட அதிகம். டோனாவூரில் ஆமி கார்மைக்கேல் அம்மையாரின் வலதுகரமாய் இருந்தவர் பொன்னம்மாள். அவருக்குப் புற்றுநோய் வந்தது. படுக்கையைச் சுற்றி எல்லாரும் கூடி, ஜெயத்துக்கு அடையாளமாகக் குருத்தோலையை வைத்து ஜெபித்தார்கள். அன்றிலிருந்தே வியாதி வேகமாய் முற்றியது. 1915 ஆகஸ்டில் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். அந்தக் கூட்டத்தில் இருந்த யாருக்கு விசுவாசம் குறைவு என்று சொல்வீர்கள்? அம்மையாரே 1931-ல் கீழே விழுந்து, 1951-ல் மரிக்கும் வரை பெரும்பாலும் படுக்கையில்தான் இருந்தார். அங்கிருந்தே புத்தகங்கள் எழுதினார்.

அப்போஸ்தலனாகிய பவுலையும் பாருங்கள். மெலித்தா தீவில் புபிலியுவின் தகப்பனைக் கைவைத்துச் சுகமாக்கினவர், துரோப்பீமுவை வியாதியோடே மிலேத்துவில் விட்டுவந்தார் (2 தீமோத்தேயு 4:20). தீமோத்தேயுவின் வயிற்றுக்குக் கைவைத்தியம் எழுதினார். லூக்கா என்ற வைத்தியனைக் கூடவே வைத்திருந்தார். இவர்களில் ஒருவரையும் விசுவாசம் இல்லாதவன் என்று அவர் கடிந்துகொள்ளவில்லை. சுகமானவன் மூலமாகவும் சுகமாகாதவன் மூலமாகவும் இயேசு தெரிய வேண்டும், அவ்வளவுதான். லாசருகூட உயிர்த்தெழுந்த பிறகு இன்னொரு நாள் மரித்திருப்பான் அல்லவா?

சகோதரியே, உங்களுக்கு விசுவாசம் பத்தலை என்று நான் சொல்லமாட்டேன். யாராவது சொன்னால் என்னிடத்தில் அனுப்புங்கள். வியாழக்கிழமை சாயங்காலம் எண்ணெயோடு திரும்ப வருகிறேன். அதற்குள் டாக்டர் எழுதிக்கொடுத்த ஸ்கேனை எடுத்துவிடுங்கள். பக்கத்து வீட்டம்மா வருவார்களானால் அவர்களையும் கூப்பிடுங்கள்.