அரோனியனைச் சாய்த்த இரண்டு பிஷப்கள்

கேள்வி: என் மகள் மாவட்டப் போட்டிகளில் செஸ் ஆடுகிறாள். 2013இல் விய்க் ஆன் ஸீயில் அரோனியனை ஆனந்த் வென்ற ஆட்டத்தைப் பயிற்சியாளர் காட்டினாராம். வீட்டிலேயே தயாரித்த ஆட்டம் என்கிறார்கள். அப்படியானால் ஓபனிங்கை மனப்பாடம் செய்தால் போதுமா?
– வாசகி, நாமக்கல்

பதில்: தயாரித்தது உண்மைதான். 2012இல் கெல்ஃபாண்டுடன் நடந்த உலக சாம்பியன் போட்டிக்காக ஆனந்தின் குழு யோசித்து வைத்திருந்தது. ஆனால், அதை மனப்பாடம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

கறுப்புக் காய்களுடன் ஆனந்த் ஆடியது செமி ஸ்லாவில் மெரான் பிரிவு. 1924இல் மெரான் நகரில் க்ரூன்ஃபெல்டை ருபின்ஸ்டீன் வென்ற ஆட்டத்தால் வந்த பெயர். இதில் கறுப்பின் உயிர் பி7 பிஷப். சி6 சிப்பாய் சி5க்குப் போனதும் அதன் பாதை திறக்கிறது. எஃப்3 குதிரையும் நகர்ந்துவிட்டால் வெள்ளை ராஜாவின் மூலைவரை அது பார்க்கும். அரோனியன் அந்தக் குதிரையைத்தான் ஜி5க்குக் கொண்டுபோய், எச்7 சிப்பாயை வெட்டினார்.

அந்தக் குதிரை குறிவைத்த தன் யானையைக் காப்பாற்ற ஆனந்த் நினைக்கவே இல்லை. குதிரையை ஜி4இல் நிறுத்தி, 15வது நகர்த்தலில் இன்னொரு பிஷப்பைச் சி5க்குக் கொண்டுவந்தார். அடுத்து, டி7 குதிரையை இ5இல் சும்மா தூக்கி வைத்தார். எவ்வளவு துணிச்சல்! எஃப்4 சிப்பாய் அதை வெட்டினால், ராணி டி4இல் வெட்டி ராஜாவுக்குச் செக். ராஜா மூலைக்கு ஒதுங்கினால் ராணி ஜி1இல் தன்னையே பலி கொடுக்கும். யானை வெட்டியாக வேண்டும். குதிரை எஃப்2இல் மேட். அரோனியன் அந்த வலையில் விழவில்லை, ஆனாலும் தப்பவில்லை. 23வது நகர்த்தலில் பிஷப் இ3க்கு வந்து, எச்3ஐக் காத்துநின்ற வெள்ளை ராணியின் பார்வையை மறைத்தது. அடுத்து எச்3இல் ராணி வெட்டினால் மேட். பி7 பிஷப் இருப்பதால் ஜி2 சிப்பாய் அசைய முடியாது. அரோனியன் ஆட்டத்தை விட்டுக்கொடுத்தார்.

நகர்த்தல் வரிசையை மட்டும் படித்தவர், எதிராளி வேறு காயை நகர்த்திய கணமே திகைத்துப்போவார். பி7 பிஷப் எதற்கு என்று தெரிந்தவர் அங்கிருந்தும் யோசிப்பார். 15வது நகர்த்தலில் பலகையை நிறுத்தி, “வெள்ளை சி5 பிஷப்பை வெட்டினால் என்ன செய்வாய்?” என்று மகளிடம் கேளுங்கள். விடையை அவளே தேடட்டும், நேரமானாலும் பரவாயில்லை. பிறகு 1907இல் லோட்ஸ் நகரில் ரோட்லெவியை ருபின்ஸ்டீன் வென்ற ஆட்டத்தை ஆடிப் பார்க்கட்டும். அங்கும் ராஜாவைக் குறிவைத்து இரண்டு பிஷப்கள் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும்.