பதினான்கு பெட்டைக்கு ஒரே சேவல்

கேள்வி: மாமியார் காலத்திலிருந்து எங்கள் வீட்டில் சிறுவிடைக் கோழி வளர்க்கிறோம். இப்போது 14 பெட்டை, ஒரு சேவல். நிறமும் மிடுக்கும் உள்ள சேவல் ஒன்றை நிறுத்திக்கொண்டு மற்றவற்றை விற்றுவிடுவோம். முன்பெல்லாம் 12 முட்டை அடை வைத்தால் பத்துக் குஞ்சாவது இறங்கும். மூன்று வருடமாக ஆறு இறங்கினாலே பெரிது. விரல் வளைந்த குஞ்சுகளும் வருகின்றன. கிரிராஜா சேவல் ஒன்றை வாங்கி விடச் சொல்கிறார்கள். விடலாமா?
– ஒரு வாசகி, புதுக்கோட்டை மாவட்டம்

பதில்: விட வேண்டாம் அம்மா. கிரிராஜா பெங்களூருவில் உருவாக்கிய கலப்புக் கோழி. அந்தச் சேவலை விட்டால் முதல் தலைமுறையில் குஞ்சும் நன்றாகப் பொரிக்கும், எடையும் ஏறும். ஆசை காட்டுவதே அதுதான். ஆனால் அந்த வகைக் கோழிகள் பெரும்பாலும் அடையில் உட்காராது. இரண்டு மூன்று தலைமுறை போனால், தானே அடைகாத்துக் குஞ்சைக் கூட்டிக்கொண்டு திரியும் உங்கள் சிறுவிடை முற்றத்தில் இருக்காது. மாமியார் வைத்துவிட்டுப் போன சொத்து அதுதான்.

முதலில், கெடுவது எங்கே என்று பாருங்கள். அடை வைத்த ஏழாம் நாள் இரவில் முட்டைக்குப் பின்னால் டார்ச் பிடியுங்கள். தெளிவாகத் தெரிந்தால் கூமுட்டை. சேவலுக்கு வயதாகியிருக்கலாம், வெயிலில் முட்டையை அதிக நாள் சேர்த்து வைத்திருக்கலாம். ரத்தநாளம் ஓடி, பிறகு கரு செத்திருந்தால் ரத்த நெருக்கத்தை, அதாவது உறவுக்குள்ளேயே சேர்வதை, சந்தேகிக்க வேண்டும். விரல் வளைவதற்கு பி2 விட்டமின் குறைவும் காரணமாகலாம். பெட்டைகளுக்குக் கீரை போட்டுப் பாருங்கள். கீரை போட்டும் மாறாவிட்டால் என் சந்தேகம் அந்த ஒற்றைச் சேவல்மேல்தான்.

ஒரு கணக்கு போடுவோம். சேவல் எண்ணிக்கையைப் பெட்டை எண்ணிக்கையால் பெருக்கி, அதை நான்கால் பெருக்கி, மொத்தத் தலையால் வகுங்கள். உங்களுக்கு வருவது 3.7. முற்றத்தில் 15 கோழி மேய்ந்தாலும் ரத்தக் கணக்கில் நான்குகூட இல்லை. இறங்கும் குஞ்சுகள் அத்தனைக்கும் அப்பன் ஒன்று. அடுத்த முறை அண்ணன் தங்கைதான் சேரும். இப்படியே போனால் தலைமுறைக்குத் தலைமுறை ரத்த நெருக்கம் 13 சதவீதம் ஏறும். பெட்டையை 28 ஆக்கினாலும் கணக்கு 3.9தான். சேவலை மூன்றாக்கினால் கிட்டத்தட்ட பத்துக்குப் போகும். விற்றுத் தீர்த்தீர்களே, அந்தச் சேவல்களில்தான் விஷயம் இருந்தது.

ஆனால் மூன்று சேவலையும் ஒன்றாக அவிழ்த்துவிட்டால் பலமான ஒன்றே பெரும்பாலான பெட்டைகளை மிதிக்கும். கணக்கில் மூன்று, நடப்பில் ஒன்று. அதனால் வீடு பிரித்துக்கொள்ளுங்கள். சிறுவிடை வைத்திருக்கும் உறவினர், அக்கம்பக்கத்தார் என்று மூன்று வீடு போதும், தொடங்கலாம். உங்கள் வீட்டு இளஞ்சேவல்கள் இரண்டாம் வீட்டுக்கு, அங்குள்ளவை மூன்றாம் வீட்டுக்கு, அவர்களுடையவை உங்களுக்கு. பெட்டைக் குஞ்சுகள் பிறந்த வீட்டிலேயே இருக்கும். திசை மட்டும் என்றைக்கும் மாறக் கூடாது. வீட்டுக்கு 2 சேவல், 14 பெட்டை என்று எட்டு வீடு சேர்ந்தால் கணக்கு 56 ஆகும். ஐ.நா. உணவு வேளாண் அமைப்பு குறைந்தது 50 வேண்டும் என்கிறது.

சேவல் நிறுத்தும்போது அழகு பார்ப்பதைக் கொஞ்சம் குறையுங்கள். நோஞ்சானைக் கழிப்பது சரி. மற்றபடி ஒவ்வொரு அப்பனுக்கும் ஒரு மகன், ஒவ்வொரு தாய்க்கும் ஒரு மகள் என்று எடுங்கள். கெட்டிக்காரக் கோழி ஒன்றின் குஞ்சுகளையே நிறுத்தினால் மற்றக் கோழிகளின் வழி அதோடு முடிந்துவிடும். நன்றாக இடும் பெட்டையை மூன்று, நான்கு வருடம் வைத்திருங்கள். இழப்பு வருடக் கணக்கில் வருவதில்லை, தலைமுறைக் கணக்கில் வருகிறது.

புது ரத்தம் எவ்வளவு செய்யும் என்பதற்கு ஒரு காட்டுப்பறவை சாட்சி. அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் புல்வெளிக் கோழி 1990களில் 50க்கும் கீழே போயிற்று. முட்டை பொரிப்பதும் சரிந்தது. இடத்தைச் சீர்செய்து பார்த்தும் தேறவில்லை. 1992 முதல் மினசோட்டா, கான்சஸ், நெப்ராஸ்கா மாநிலங்களிலிருந்து அதே இனப் பறவைகளைக் கொண்டுவந்து விட்ட பிறகுதான் பொரிப்பு மீண்டது. அதே இனம் என்பதைக் கவனியுங்கள்.

சிறுவிடை இனத்தை ஆய்வகத்தில் உறையவைத்துக் காப்பாற்றலாமே என்று சிலர் கேட்கிறார்கள். சேவலின் விந்தை உறையவைக்கலாம். மஞ்சள் கருவோடு இருக்கும் முட்டையை முடியாது. தாயிடமிருந்து மகளுக்கு மட்டுமே போகும் ஒரு குரோமோசோம் கோழிக்கு உண்டு. விந்தில் அது கிடையாது. உங்கள் பெட்டைகளுக்கு ஈடாக வேறெதையும் வைக்க முடியாது.

எனவே இருபது முப்பது கிலோமீட்டர் தள்ளியுள்ள ஊரில், கலப்படமில்லாத சிறுவிடை வைத்திருப்பவரிடம் இரண்டு சேவல் வாங்குங்கள். சந்தையில் வாங்காதீர்கள்; வழியும் தெரியாது, நோயும் தெரியாது. வந்ததும் வெள்ளைக்கழிச்சல் தடுப்பூசி போட்டு, 30 நாள் தனிக்கூண்டில் வைத்துவிட்டுப் பிறகு அவிழ்த்துவிடுங்கள். பழைய சேவலை உடனே விற்றுவிட வேண்டாம். அதன் மகன் ஒன்று இரண்டாம் வீட்டுக்குப் போய்ச் சேரட்டும்.